நாளைக்கு எதிரே வரும் வாசகர்

கல்லூரியில் மாணவர்கள் நாங்களே நடத்திய பத்திரிகையின் விலை ஐந்து ரூபாய். ஒரு பிரதிக்கு ஆகும் செலவு அதைவிட அதிகம். மிச்சத்தை ஒரு பேக்கரியும், ஜெராக்ஸ் கடையும், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டும் கொடுக்கிற விளம்பரக் காசு ஈடுகட்ட வேண்டும். ஈடுகட்டாத மாதம் பத்திரிகை வராது. அட்டையில் ‘மாத இதழ்’ என்றுதான் போட்டிருப்போம். எந்த வருடமும் பன்னிரண்டு இதழ் வந்ததில்லை.

2010இல் ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம். சேர்ந்தேன். இதழியல் என்று அங்கே ஒரு பாடமும் கிடையாது. பத்திரிகைக்காரர் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களுக்கு அன்றைக்குத் தெரிந்த ஒரே வாசல் விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம்தான். அதற்கு விண்ணப்பம் போடுகிற கூட்டம் ஒன்று தமிழ்த் துறை வராந்தாவில் எப்போதும் இருக்கும். அதில் தேர்வாகாமல் போனவர்கள் சேர்ந்து ஆரம்பித்ததுதான் எங்கள் பத்திரிகை என்று சீனியர்கள் சொல்வார்கள். உண்மையோ என்னவோ, கேட்க நன்றாக இருந்ததால் நாங்களும் அடுத்த செட்டுக்கு அப்படியே சொல்லிவைத்தோம். கொஞ்சம் கெத்தாகப் பேச வேண்டுமென்றால், பெரியார் 1925இல் ‘குடி அரசு’ ஆரம்பித்ததே இந்த ஈரோட்டில்தான் என்று சேர்த்துக்கொள்வோம். விளம்பரம் கேட்கப் போகும்போது மட்டும் அதைச் சொல்ல மாட்டோம். பேக்கரிக்காரர் முருக பக்தர்.

இப்போது ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். இதழியல் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த பல விஷயங்கள் எனக்குத் தெரியாது. ஆனால் மாணவர் பத்திரிகை பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்: அது ஒரு பயிற்சிக் களம், இஷ்டத்துக்கு எழுதிப் பார்க்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். நான் பார்த்தது நேர் எதிர். பெரிய பத்திரிகையில் எழுதினால் வாசகர் எங்கேயோ இருக்கிறார். ஐந்நூறு பிரதி அடிக்கிற பத்திரிகையின் வாசகர் மறுநாள் காலையில் அதே டவுன் பஸ்ஸில் நம் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நாம் எழுதியது அவரைப் பற்றியதாகவே இருக்கும். இல்லாவிட்டால் அவருடைய அப்பாவைப் பற்றி.

எனக்குக் கொடுத்த முதல் பெரிய வேலை மஞ்சள் மார்க்கெட். நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிய மஞ்சள், 2012 வாக்கில் 4,000 ரூபாய்ப் பக்கம் வந்து நின்றது. விலை ஏறியதைப் பார்த்து ஊரே மஞ்சள் போட்டால் அடுத்து என்ன ஆகுமோ அது ஆனது. எங்கள் வகுப்பிலேயே பாதிப் பேர் வீட்டில் மஞ்சள் மூட்டை அடுக்கியிருந்தது. நாளிதழ்களில் தினமும் ‘மஞ்சள் விலை வீழ்ச்சி, விவசாயிகள் கவலை’ என்று வரும். ஆசிரியர் பொறுப்பில் எம்.ஏ. தமிழ் படித்த அண்ணன் ஒருவர் இருந்தார். அவர் என்னை அனுப்பும்போது சொன்னது ஒன்றே ஒன்று. “கருத்து கேட்டுட்டு வராத. கணக்கு கேட்டுட்டு வா.”

மஞ்சள் ஏலத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், ஈரோடு கூட்டுறவு சொசைட்டி, கோபி சொசைட்டி, தனியார் மார்க்கெட் என்று பல இடங்களில் நடக்கும். விரல் மாதிரி நீளமாக இருக்கும் விரலி மஞ்சள் ஒரு பக்கம், உருண்டையான கிழங்கு மஞ்சள் ஒரு பக்கம். ஒவ்வொரு விவசாயியின் மஞ்சளிலிருந்தும் மாதிரி எடுத்து வைத்திருப்பார்கள். வியாபாரிகள் வரிசையாக வருவார்கள். ஒரு விரலியை எடுத்து இரண்டாக ஒடிப்பார்கள். நன்றாகக் காய்ந்திருந்தால் ‘டிக்’ என்று உலோகம் மாதிரி சத்தம் வரும். ஈரம் இருந்தால் சத்தம் மந்தமாகிவிடும். உள்ளே நிறம் எப்படி என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, துண்டுச் சீட்டில் விலை எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு நகர்வார்கள். ஏலம் என்றால் கூச்சல் இருக்கும் என்று நினைத்துப் போனவன் நான். அங்கே கேட்டதெல்லாம் மஞ்சள் ஒடிகிற சத்தம்தான். விவசாயி பேசாமல் தள்ளி நின்று, தன் மஞ்சளை யார் எத்தனை நேரம் கையில் வைத்திருக்கிறார் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் வருகிற விலை பிடிக்கவில்லையென்றால் கொடுக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. சொல்லிவிட்டு மறுபடி குடோனில் அடுக்கலாம், அதன் மேல் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். ஆனால் பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட வேண்டிய மாதத்தில் அந்த உரிமைக்கு எவ்வளவு மதிப்பு இருக்கும் என்பது வேறு விஷயம்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற ஒரு பெரியவரிடம் போனேன்.

“ஏனுங் தம்பி, பேப்பர்ல இருந்து வர்றீங்களா?”

“இல்லீங்க ஐயா, காலேஜ் புக்குங்க.”

“அப்ப சரி. வெலை எறங்குனதுக்கு நாங்க அழுகற மாதிரி எழுதாதீங்க. ஏறுனப்ப சிரிச்சத ஒருத்தரும் எழுதுல.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதற்குமேல் அவரிடம் கருத்து கேட்க எனக்கு வாய் வரவில்லை. அண்ணன் சொன்னபடி கணக்கைக் கேட்டேன். கேட்ட மாத்திரத்தில் மனிதர் மாறிவிட்டார். சுமைக்கல் மேல் உட்கார்ந்து விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். விதைக் கிழங்கு, பார் பிடிக்கிற கூலி, களை, உரம், வெட்டுக்கூலி, வேகவைக்கிற கூலி, காயப்போட்டுத் திருப்புகிற ஆள், பாலீஷ், சாக்கு, வண்டி வாடகை, இறக்குக் கூலி. வைகாசி ஆனியில் நட்டால் தை மாசியில்தான் வெட்ட முடியும்; அதுவரைக்கும் அந்த நிலத்தில் வேறு ஒன்றும் இல்லை. பச்சை மஞ்சள் 100 கிலோவை வேகவைத்துக் காயப்போட்டால் 20, 25 கிலோதான் மிஞ்சும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் சமையலறை டப்பாவில் இருந்ததை அதுவரை நான் அப்படி யோசித்ததே இல்லை.

அதே கணக்கை ஒரு வியாபாரியிடமும், மூட்டை தூக்குகிற ஒருவரிடமும் கேட்டேன். வியாபாரி முதலில், “அதெல்லாம் எதுக்குத் தம்பி, டீ சாப்புடுங்க” என்றார். டீ சாப்பிட்டேன். எங்கள் பக்கம் யாரும் முகத்துக்கு நேரே ‘சொல்ல முடியாது’ என்று சொல்ல மாட்டார்கள். டீ வாங்கிக் கொடுப்பார்கள். அந்த டீயைக் குடித்து முடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கத் தெரிய வேண்டும். கிளாஸை வைத்ததும் எழுந்தால் போச்சு. அவர் பேச ஆரம்பித்தபோது, அவர் கையிலும் போன வருட விலைக்கு வாங்கிய மஞ்சள் தேங்கிக் கிடப்பது தெரியவந்தது.

கட்டுரை அந்தக் கணக்கை வைத்தே எழுதப்பட்டது. ஒரு மூட்டை மஞ்சளின் வரவு செலவு. ‘கவலை’ என்ற வார்த்தையே அதில் கிடையாது. பி.காம். மாணவன் என்பதால் அட்டவணை போடுவதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம் இருந்ததையும் மறைக்கக் கூடாது.

எழுதியதைவிட அதிகமாக நான் கற்றுக்கொண்டது டிடிபி கடையில். ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு டேபிள் ஃபேன். பேஜ்மேக்கரில் பாமினி எழுத்துருவில் அடிப்பார்கள். அங்கே வேலை பார்த்த அக்காவுக்குக் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, தேர்தல் வந்தால் பிட் நோட்டீஸ் என்று எல்லாம் அத்துப்படி. நாங்கள் கொண்டுபோகும் மேட்டர் அவருக்கு எல்லாவற்றுக்கும் கடைசி.

2012இல் தமிழ்நாட்டில் மின்வெட்டு எந்த லட்சணத்தில் இருந்தது என்று நினைவிருப்பவர்களுக்குத் தெரியும். சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பன்னிரண்டு, பதினாலு மணி நேரம் கரண்ட் இல்லாத நாட்கள் உண்டு. தறிக்காரர்கள் தறியை நிறுத்திவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். கரண்ட் வந்ததும் டிடிபி அக்காவுக்கு முதலில் கல்யாண வேலை, அப்புறம் கருமாதி வேலை, அப்புறம்தான் நாங்கள். யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தால் எல்லோரும் சேர்ந்து “சேவ் பண்ணுங்கக்கா!” என்று கத்துவோம்.

டெம்மி எட்டில் ஒன்று என்பது எங்கள் பத்திரிகையின் அளவு. அதில் ஒரு பாரம், அதாவது ஒரு முழுத் தாளை அச்சடித்து மடித்தால் வருவது, 16 பக்கம். எங்களுக்கு இரண்டு பாரம். 32 பக்கம், மேலே ஒரு அட்டை. முப்பத்து மூன்றாவது பக்கம் என்று ஒன்று கிடையாது. இது வகுப்பில் எந்த ஆசிரியரும் சொல்லிக்கொடுக்க முடியாத ஒழுக்கம். மேட்டர் வழிந்தால் வெட்ட வேண்டும், வேறு வழியே இல்லை.

“எட்டு வரி வெளிய நிக்குது கண்ணு. நீ கழிக்கிறயா, நான் கழிக்கட்டுமா?”

“எதைக்கா கழிக்கறது? எல்லாமே முக்கியம்.”

“உன்ற மொதப் பாரா எப்பவுமே வேண்டாத பாராதான். அதைத் தூக்கிப் பாரு.”

‘மஞ்சள் மாநகரம் என்று போற்றப்படும் ஈரோட்டில்...’ என்று ஆரம்பித்திருந்தது அது. தூக்கிப் பார்த்தோம். பெரியவரின் பேச்சில் கட்டுரை தொடங்கியது. அக்கா ஒன்றுமே சொல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். நாளிதழ் வேலையில் இன்றைக்கும் யாருடைய பிரதி கைக்கு வந்தாலும் முதல் பாராவை விரலால் மறைத்துக்கொண்டு இரண்டாவதிலிருந்து படித்துப் பார்ப்பது என் பழக்கம்.

ஊர்ப் பெயர் விஷயத்தில் அவரை யாரும் அசைக்க முடியாது. அறச்சலூருக்கு எந்த ‘ற’ என்று எம்.ஏ. தமிழ் அண்ணனுக்கே சந்தேகம் வந்தால் அவரிடம்தான் கேட்போம். கல்யாணப் பத்திரிகையில் மாமன் ஊரைத் தப்பாகப் போட்டால் மொத்தப் பத்திரிகையையும் திருப்பி அடித்துக் கொடுக்க வேண்டும். காசு அக்காவின் சம்பளத்தில் பிடிப்பார்கள். எங்கள் ஊர்ப் பத்திரிகை நிருபர்களில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு பயம் உண்டு?

(பேப்பரைப் பற்றி ஒரு வார்த்தை. பிரஸ்ஸில் மேப்லித்தோ பேப்பர் ரீம் பிரிக்கும்போது டி.என்.பி.எல்., அதாவது தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், என்று போட்டிருக்கும். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து செய்வது. காவிரிக்கு அந்தப் பக்கம் பள்ளிபாளையத்தில் இன்னொரு காகித ஆலை. பாலத்தைத் தாண்டும்போது காற்று அடித்தால் மூக்குக்கே தெரியும். கரும்பு போட்டவரின் மகன் மஞ்சள் போட்டவரைப் பற்றி அந்தப் பேப்பரில் எழுதினான் என்று ஒரு இதழின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பார்த்தோம். அண்ணன் அடித்துவிட்டார்.)

மஞ்சள் கட்டுரை வந்த இதழை வழக்கம்போல டீக்கடை, சலூன், ஊர்ப்புற நூலகம் என்று போட்டுவிட்டு வந்தோம். வகுப்பில் எல்லோரும் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். சில நாள் கழித்து ஒரு பையனின் அப்பா கல்லூரி கேட்டுக்கே வந்துவிட்டார். கையில் எங்கள் பத்திரிகை, அதன் ஓரத்தில் பால்பாயிண்ட் பேனாவில் எழுதிய கூட்டல்.

“நீங்க போட்டது வாய்க்கால் பாசனக் கணக்குங்க தம்பி. சரிதான். எங்களுக்குக் கெணறு. மோட்டார் ஓடணும், கரண்ட் இல்லீன்னா டீசல் எஞ்சின் வாடகைக்குப் புடிக்கோணும். அதையும் எழுதுங்க.”

கீழ்பவானி வாய்க்கால் தண்ணீர் பாய்கிற நிலமும், அரைக் கிலோமீட்டர் மேட்டில் கிணற்றை நம்பி இருக்கிற நிலமும் ஒரே மஞ்சளுக்கு இரண்டு கணக்கு வைத்திருக்கின்றன. அடுத்த இதழில் அவர் கணக்கை அவர் பெயரோடு போட்டோம். அதைப் பார்த்துவிட்டு இன்னொருவர் வந்து, குத்தகை நிலத்துக்கு வேறு கணக்கு என்றார். செய்தி என்பது ஒரு தரம் எழுதி முடிக்கிற சமாச்சாரம் இல்லை என்று புத்தகத்தில் படித்தால் சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். ஆள் நேரே வந்து நின்றால் எழுதித்தான் ஆக வேண்டும்.

இந்த நெருக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பது நொய்யல் ஆற்றைப் பற்றிய கட்டுரையில் தெரிந்தது. சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லியிருந்தது. நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி, பாசனத்துக்குக் கட்டிய அணையைப் பாசனத்துக்குத் திறக்காதே என்று விவசாயிகளே கேட்கிற நிலைமை. எங்கள் வகுப்பில் அணைப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். பட்டறை மூடியதால் அப்பாவுக்கு வேலை போன பிள்ளைகளும் இருந்தார்கள். மத்தியானம் ஒரே மரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறப்போம். சென்னையிலிருந்து எழுதுபவர் ‘இரு தரப்பு’ என்று சுலபமாக எழுதிவிடலாம். எங்களுக்கு இரண்டு தரப்பும் ஊறுகாயைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தது.

வேதியியல் ஆய்வகத்திலிருந்து, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றைக் கடன் வாங்கிக்கொண்டு நானும் இன்னொருவனும் போனோம். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஒரு கிணற்றில் மீட்டரை விட்டால் எண் 2,000த்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. தலைப்பு கிடைத்துவிட்டது என்று குதித்துக்கொண்டு வந்தோம். வேதியியல் பேராசிரியர் குதிக்கவில்லை. எந்தக் கிணறு, ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம், என்ன நேரம், மழை பெய்து எத்தனை நாள், எத்தனை அடியிலிருந்து தண்ணீர் எடுத்தீர்கள் என்று கேட்டார். அத்தனையும் கட்டுரையில் வர வேண்டும், இல்லாவிட்டால் மீட்டரைத் தந்தது தான் என்று எழுதக் கூடாது என்றார். வந்தது. படிக்கக் கொஞ்சம் வறட்சியாகத்தான் இருந்தது. ஆனால் சாயப்பட்டறைக்காரர் வீட்டுப் பிள்ளை படித்துவிட்டு, “இதுல சண்டை போடறதுக்கு ஒண்ணுமே இல்லையே” என்றான். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

இப்படியே சொல்லிக்கொண்டு போனால் நெருக்கம் நல்லதை மட்டுமே செய்தது என்று ஆகிவிடும். அப்படி இல்லை. எங்கள் பக்கத்து நூற்பாலைகளில் அப்போது சுமங்கலித் திட்டம் என்ற ஒன்று பரவலாக இருந்தது. தென் மாவட்டங்களிலிருந்து வயதுக்கு வந்த பெண்களைக் கூட்டிவந்து, மில் ஹாஸ்டலிலேயே தங்கவைத்து, மூன்று வருடம் வேலை வாங்குவார்கள். முடிந்ததும் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று கல்யாணத்துக்கு ஒரு மொத்தத் தொகை. இடையில் விட்டுவிட்டுப் போனால் அந்தத் தொகை இல்லை. எங்களோடு படித்த ஒரு பெண்ணின் அக்கா அப்படிப் போய், உடம்புக்கு முடியாமல் இரண்டாவது வருடம் திரும்பி வந்திருந்தார். அந்தப் பெண்ணே எழுதினாள். நன்றாக எழுதியிருந்தாள், மில் பஸ்ஸின் ஜன்னல் கம்பியை அக்கா எப்படி விவரித்தார் என்று ஒரு பத்தி இன்னும் எனக்கு மனப்பாடம்.

கல்லூரி நிர்வாகத்தில் இருந்தவர்களில் மில்காரர்கள் உண்டு. யாரும் சத்தம் போடவில்லை. “இந்த மாதம் வேண்டாமே, பரீட்சை நேரம்” என்றார்கள். அடுத்த மாதமும் ஏதோ ஒரு நேரம். அண்ணன் சண்டை போட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. கட்டுரை வரவேயில்லை. இந்த ஊர்களில் உறவு, சாதி, தொழில் மூன்றும் ஒரே கயிற்றின் பிரிகள். மஞ்சள் விவசாயி நேரே வந்து கேள்வி கேட்கிற அதே தூரத்தில்தான் மில் முதலாளியும் இருந்தார். உள்ளூர்ப் பத்திரிகை எதற்கும் அஞ்சாது என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அந்த மாதங்கள்தான் நினைவுக்கு வரும்.

கடைசியில் அந்தப் பெண் வேறு ஒன்று செய்தாள். மில் பெயர், அக்கா பெயர் எதுவும் இல்லாமல், ‘சட்டம் சொல்வது’ என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தாள். அன்றைக்கு இருந்த ஊதியப் பட்டுவாடாச் சட்டப்படி 1,000 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள், மற்ற இடங்களில் 10ஆம் தேதிக்குள் சம்பளம் கொடுத்துவிட வேண்டும், பி.எஃப். பிடித்தால் கணக்கு எண் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது மாதிரி நாலைந்து வரிகள். கதை இல்லை, கண்ணீர் இல்லை. அதை நிறுத்த யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை. எங்கள் விளம்பரதாரரான ஜெராக்ஸ் கடைக்காரர், அந்த அரைப் பக்கத்தை மட்டும் நகல் எடுக்க ஆள் வந்துகொண்டே இருப்பதாகச் சொன்னார். பத்திரிகையை ஐந்து ரூபாய்க்கு வாங்காமல் ஒரு ரூபாய்க்கு ஜெராக்ஸ் எடுக்கிறார்களே என்று எங்கள் சர்க்குலேஷன் பொறுப்பாளனுக்கு மட்டும் வருத்தம்.

அது அவளுடைய முழுக் கட்டுரைக்கு ஈடாகுமா? ஆகாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவளிடம் கேட்டால் ஆகும் என்பாள். இப்போது தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் வக்கீலாக இருக்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கக்கூடும்.

பத்திரிகை இன்னும் நடக்கிறது. அச்சு நின்றுபோய் பி.டி.எஃப். ஆகிவிட்டது, பாரக் கணக்கு இல்லாததால் கட்டுரைகள் கண்டபடி நீளுகின்றன. ஜூனியர்கள் அவ்வப்போது எனக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்வார்கள். போன மஞ்சள் சீசனில் ஒரு பெண் அனுப்பிய கட்டுரையில் குவிண்டாலுக்கு ஒரு விலை போட்டிருந்தாள். யார் சொன்ன விலை என்று கேட்டேன்.

“வியாபாரி ஒண்ணு சொல்றாருங்கண்ணா, விவசாயி ஒண்ணு சொல்றாரு. நடுவுல ஒண்ணு போட்டேன்.”

நடுவில் இருப்பது யாருக்கும் கிடைக்காத விலை, இரண்டையும் போடு, சொசைட்டிக்கு போன் பண்ணி அன்றைய ஏலத்தில் விரலி அதிகபட்சம், குறைந்தபட்சம் என்னவென்று கேட்டு அதையும் போடு என்றேன். சொசைட்டியில் போனை எடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று பதில் வந்தது. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.